யுவான் சுவாங் பெற்ற கல்விக் கொடை

கல்வி கற்பதற்கு நல்லாசிரியரும் நன்னூல்களும் வேண்டும். அவற்றோடு, கற்குங் காலத்தில் உண்ண உணவும், உடுக்க உடையும், தங்க இடமும் வேண்டும். சொந்த ஊரில் கற்போர்க்கு இவற்றைப் பெற்றோர் அளிப்பர். கடல் கடந்தும் மலை கடந்தும் அயல்நாடு சென்று கற்போர்க்கு இவற்றை அளிப்பவர் யார்? இக்காலத்தில் அரசாங்கங்களும் அறநிலையங்களும் உதவித்தொகை நல்கி, ஒரு நாட்டு மாணாக்கரை மற்றொரு நாட்டிற்கு அனுப்பி வைக்கின்றன. அமெரிக்க மாணாக்கர் ஜப்பானுக்கும், ஜப்பானிய மாணாக்கர் அமெரிக்காவிற்கும் சென்று பயில்கின்றனர். நம் நாட்டு மாணாக்கரும் பல நாடுகளுக்குச் சென்று கற்று வருகின்றனர்.

இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏழாம் நூற்றாண்டிலேயே சீன நாட்டு மாணாக்கர் ஒருவர், பிறர் ஈந்த கொடையையே வழித்துணையாகக் கொண்டு, பாலைகளையும் பனிமலைகளையும் கடந்து பாரத நாட்டிற்கு வந்தார், நாளந்தாவிலே கற்றார், பின்னர்த் தெற்கே நடந்து நம் காஞ்சி மாநகர் வரையிலும் வந்தார். அவரே யுவான் சுவாங் என்னும் பேரறிஞர். அவர் பெற்ற கொடைகள் பல. அக்கொடைகளுக்கு அவர் செய்த கைம்மாறு யாது என்பதே அவர் வரலாற்றில் நாம் கருதத்தக்கது.

இளமை

யுவான் சுவாங், 602ஆம் ஆண்டை ஒட்டிச் சீன நாட்டின் லோயாங் நகருக்கு அண்மையில் பிறந்தார். ஆண்மக்கள் நால்வருள் இவரே இளையவர். தந்தையார் சீன நாட்டுப் பழைய நூல்களைக் கசடறக் கற்றவர். இரண்டாம் தமையனார் இளமையிலேயே பௌத்தத் துறவியாகி, லோயாங் நகரத்துப் பள்ளி ஒன்றில் வாழ்ந்து வந்தார். தந்தையாரை இழந்த பின்னர், யுவான் சுவாங் அத்தமையனாருடன் தங்கிக் கல்வி பயின்றார்.

அக்காலத்தில் துறவியாக விரும்புவோர் அரசாங்கத்தின் இசைவைப் பெற வேண்டும். சிலரே தேர்ந்தெடுக்கப்பட்டனர், அவர்களுக்கு அரசாங்கமே வாழ்வதற்கு வழி செய்தது. ஒருமுறை அத்தேர்வு நடந்தபோது, பதின்மூன்று வயதுச் சிறுவர் ஒருவர் அலுவலகத்தின் வாயிலருகே ஒதுங்கி நின்றார். தேர்வுக்குரிய வயது அவருக்கு இல்லை. தேர்வு செய்ய வந்த அதிகாரி அவரைக் கண்டு வினவினார். புத்தர் பெருமானின் அறத்தைக் கற்றுப் பரப்புவதே தம் விருப்பம் என அச்சிறுவர் விடையிறுத்தார். அம்மொழியைக் கேட்டு வியந்த அதிகாரி, வயதைப் பொருட்படுத்தாது அவரைச் சேர்த்துக் கொண்டார். யுவான் சுவாங்கின் கல்வி வாழ்வில் அவருக்குக் கிடைத்த முதற்கொடை அதுவே எனலாம்.

சில ஆண்டுகளில் நாட்டில் கலகம் மூண்டது. அரச மரபு ஒன்று வீழ்ந்து, 618ஆம் ஆண்டில் தாங் மரபு தோன்றிற்று. யுவான் சுவாங்கும் தமையனாரும் அமைதி நிலவிய மேற்குப் பகுதிக்குச் சென்று கற்றனர். கற்கக் கற்க, யுவான் சுவாங்கின் உள்ளத்தில் ஐயங்கள் மிகுந்தன. ஒரு நூலுக்குப் பலர் செய்த மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று மாறுபட்டன. ஆசிரியர்களும் வெவ்வேறு பொருள் உரைத்தனர். மூல நூல்களை அவை பிறந்த நாட்டிலேயே கற்றாலன்றி இவ்வையங்கள் தீரா என்று அவர் துணிந்தார்.

தனிவழிச் செலவு

அக்காலத்துச் சீன அரசு, குடிமக்கள் எல்லை கடந்து செல்வதைத் தடை செய்திருந்தது. யுவான் சுவாங்கும் வேறு சில துறவிகளும் அரசனிடம் இசைவு வேண்டினர், அரசன் மறுத்தான். உடன் வர எண்ணியோர் பின்வாங்கினர். யுவான் சுவாங் பின்வாங்கவில்லை. 629ஆம் ஆண்டில் அவர் தனியே புறப்பட்டார். புறப்பட்ட ஆண்டு 627 என்று கூறுவோரும் உளர். நாட்டின் ஆணையை மீறிச் செல்லும் ஒருவர்க்கு அரசின் உதவி எங்ஙனம் கிடைக்கும்? பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் அவர் எல்லையை அடைந்தார்.

எல்லை ஊரில் அவரைப் பிடிக்கும்படி ஆணையோலை வந்து சேர்ந்தது. அதனைக் கையிற் பெற்ற அலுவலர், யுவான் சுவாங்கின் நோக்கத்தைக் கேட்டறிந்தபின், அவர் கண்ணெதிரேயே அவ்வோலையைக் கிழித்தெறிந்தார். விரைந்து செல்லுமாறும் வேண்டிக் கொண்டார். பாலைவழியிற் பலமுறை சென்று பழகிய ஒரு மெலிந்த செந்நிறக் குதிரையை முதியவர் ஒருவர் மாற்றாகத் தந்தார். வழிகாட்டியாக வந்தவனோ இடையிலேயே அவரை விட்டு நீங்கினான். எல்லைக்கப்பால் இருந்த காவற்கோபுரம் ஒன்றிலிருந்து எய்த அம்பு அவரை நூலிழையில் தப்பிச் சென்றது. எனினும் அக்கோபுரத்துத் தலைவன் அவரை உற்றறிந்து, உணவும் நீரும் தந்து அனுப்பினான்.

அதற்கப்பால் பரந்து கிடந்தது பெரும்பாலை. பறவையும் விலங்கும் அங்கே இல்லை; புல்லும் நீரும் இல்லை. இறந்தோரின் எலும்புகளே வழியைக் காட்டின. அங்கே, நீர் நிறைந்த தோற்பை அவர் கைதவறிக் கவிழ்ந்தது. பல நாட்களுக்குரிய நீர் ஒரு நொடியில் மணலில் மறைந்தது. அவர் மனங்கலங்கிக் கிழக்கு நோக்கித் திரும்பிச் சிறிது தொலைவு சென்றார். பாரத நாட்டை அடையாமல் ஓரடியும் கிழக்கே வையேன் என்று தாம் கொண்ட உறுதி அப்போது அவர் நினைவிற்கு வந்தது. திரும்பி உயிர் வாழ்தலினும் மேற்கு நோக்கி நடந்து மாய்தலே மேல் எனக் கருதிக் குதிரையை மீண்டும் மேற்கே திருப்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரும் இன்றிக் கழிந்தன. முடிவில், பழகிய குதிரை நீரின் மணமறிந்து, அவரை ஒரு பசும்புல் தரைக்கும் நீர்நிலைக்கும் கொண்டு சேர்த்தது. முதியவர் தந்த குதிரை அவர் உயிரைக் காத்தது.

காவ்சாங் மன்னன்

பாலையைக் கடந்த யுவான் சுவாங்கைக் காவ்சாங் என்னும் சிறு நாட்டின் மன்னன் வரவேற்றான். அவன் பெயர் சூ வென்தாய். நள்ளிரவில் வந்து சேர்ந்த அவரைத் தீவட்டி ஏந்தித் தானே எதிர்கொண்டான். அவருடைய கல்விச் சிறப்பைக் கண்டு, அவர் தன் நாட்டிலேயே தங்கித் தன் குடிகளுக்கு ஆசிரியராக விளங்க வேண்டும் என விரும்பினான். யுவான் சுவாங் இசையவில்லை. மன்னன் முதலில் வேண்டினான். பின்னர் வழிவிட மறுத்தான். அன்பே சிறையாயிற்று. யுவான் சுவாங் உண்ணாநோன்பு மேற்கொண்டார். மூன்று நாட்கள் நீரும் பருகாது அமர்ந்திருந்தார். நான்காம் நாள் அவர் மூச்சு மெலிந்ததைக் கண்ட மன்னன் அஞ்சி, அவர் காலில் விழுந்து, அவர் செல்ல இசைந்தான். இருவரும் உடன்பிறந்தார் போல் வாழ்வதென உறுதி செய்து கொண்டனர். கற்று மீளுங்கால் காவ்சாங் நாட்டில் மூன்றாண்டு தங்கிக் கற்பிக்க வேண்டும் என்பது மன்னன் கேட்ட வரம். யுவான் சுவாங் அவ்வாறே செய்வதாக வாக்களித்தார்.

அதன்பின் மன்னன் அளித்த கொடை வியத்தற்குரியது. 100 அவுன்சு பொன், 30,000 வெள்ளிக் காசுகள், 500 சுருள் பட்டு, 30 குதிரைகள், 25 ஏவலர், குளிரைத் தாங்கும் ஆடைகள், கையுறைகள், காலணிகள் ஆகியவற்றை அவன் அளித்தான். இருபது ஆண்டுகள் சென்று மீள்வதற்கு இச்செல்வம் போதும் என்பது அவன் கணக்கு. பணிவிடைக்கு இளந்துறவியர் நால்வரையும் உடன் அனுப்பினான். வழியில் உள்ள 24 நாட்டு மன்னர்க்கும் 24 திருமுகங்கள் எழுதி, ஒவ்வொன்றுடனும் ஒரு பட்டுச் சுருளைச் சேர்த்து விடுத்தான். பொருளினும் அத்திருமுகங்களே மிகப் பயன்பட்டன. ஊர்பேர் அறியாத வழிப்போக்கராய் இருந்தவரை அவை மன்னர்களின் விருந்தினராக்கின.

பின்னர் ஏறிய பனிமலையில், உடன் வந்தோருள் பத்தில் மூன்று நான்கு பங்கினர் குளிரால் மாண்டனர். அவ்விழப்பைத் தாங்கி, யுவான் சுவாங் நடு ஆசிய நாடுகளைக் கடந்து காசுமீரத்தை அடைந்தார். அந்நாட்டு அரசன் நூல்களைப் படியெடுக்க 20 எழுத்தாளரை அவருக்கு அளித்தான். அவர் அங்கு இரண்டாண்டு தங்கிப் பயின்றார்.

நாளந்தாவில் மாணாக்கர்

637ஆம் ஆண்டை ஒட்டி யுவான் சுவாங் மகத நாட்டிலுள்ள நாளந்தாவை அடைந்தார். ஆசியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணாக்கர் நாடி வந்த கல்விக் கழகம் அது. அதன் வாயிலிலேயே அறிஞர் ஒருவர் அமர்ந்து, உள்ளே புக விரும்புவோரை வினாக்களால் சோதிப்பார். அயல்நாட்டிலிருந்து வருவோர் பதின்மரில் எழுவர் எண்மர் விடை கூற இயலாது திரும்பிச் செல்வர் என யுவான் சுவாங் எழுதியுள்ளார். ஆசிரியரும் மாணாக்கருமாய் அங்குப் பதினாயிரவர் வாழ்ந்தனர் என்று அவர் வரலாறு கூறும். அவருக்குப் பின் வந்த இத்சிங் என்னும் சீனத் துறவி, மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் என்பர்.

இத்துணைப் பேர்க்கும் உணவளித்தது எது? மன்னர்கள் நாளந்தாவிற்கு நூறு சிற்றூர்களின் வருவாயை விட்டுக் கொடுத்திருந்தனர். அவ்வூர்க் குடும்பங்கள் நாள்தோறும் அரிசியும் நெய்யும் பாலும் கொண்டு வந்து சேர்த்தன. அதனால் மாணாக்கர் உணவு, உடை, உறையுள், மருந்து என்னும் நான்கையும் எவரிடத்தும் இரவாது பெற்றனர். வயிற்றுக் கவலை நீங்கியமையின் அவர்கள் உள்ளம் முழுவதும் கல்வியிலே தங்கியது. நாளந்தாவின் புகழுக்கு இதனையே காரணமாக யுவான் சுவாங் குறிப்பிடுகிறார்.

யுவான் சுவாங் அங்கே சிறப்பு விருந்தினராக ஏற்றுக் கொள்ளப்பட்டார். நாள்தோறும் 120 எலுமிச்சை வகைப் பழங்களும், 20 பாக்கும், 20 சாதிக்காயும், கருப்பூரமும், மகாசாலி என்னும் நறுமண அரிசியும் அவருக்கு அளிக்கப்பெற்றன. நெய்யும் பாலும் வேண்டிய அளவு கிடைத்தன. ஊழியம் செய்வோரும் ஏறிச் செல்ல யானையும் அவருக்கு உண்டு. இத்தகைய சிறப்பு அங்குப் பதின்மர்க்கே உரியது. அப்பதின்மருள் ஒருவர் சீனத்திலிருந்து வந்த மாணாக்கர்.

அவருக்கு ஆசிரியராய் அமைந்தவர் சீலபத்திரர். நாளந்தாவின் தலைவராகிய அவர், நூறு வயது கடந்த முதியவர் என்பர். முதுமையையும் பொருட்படுத்தாது, யோகாசார நூலை அவர் யுவான் சுவாங்கிற்குப் பதினைந்து திங்கள் விரித்துரைத்தார். இச்சீலபத்திரருக்கு ஆசிரியராய் விளங்கியவர் தருமபாலர். அத்தருமபாலர் பிறந்த ஊர் நம் காஞ்சியே. அமைச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், அரசன் மகளை மணக்கவிருந்த நாளின் மாலையில் உலகப் பற்றை விட்டு நீங்கித் துறவியானவர். வடக்கே சென்று நாளந்தாவின் தலைமை ஆசிரியராய் உயர்ந்தவர். எனவே சீனத்து மாணாக்கர் மகதத்திலே கற்ற கல்வியின் ஊற்றுக்களுள் ஒன்று, பாலாற்றங்கரை நாட்டிலே தோன்றியதாகும்.

காஞ்சியும் கடற்கரையும்

நாளந்தாவில் கற்றபின், இலங்கைத் தீவின் அறிஞர்களையும் கண்டு கற்க வேண்டும் என யுவான் சுவாங் விரும்பினார். வங்கத்துத் தாமிரலிப்தித் துறையிலிருந்து கப்பலேற எண்ணியபோது, தென்னாட்டுத் துறவி ஒருவர் அவரைத் தடுத்தார். அவ்வழியே சென்றால் நெடுந்தொலைவு கடலில் புயலுக்கும் அலைக்கும் ஆளாக நேரும் என்றும், தரைவழியே தெற்கே சென்றால் மூன்று நாள் கடற்செலவில் இலங்கையை அடையலாம் என்றும் அவர் எடுத்துரைத்தார். யுவான் சுவாங் அவ்வுரையை ஏற்று, ஒரிசா, கலிங்கம், ஆந்திரம் ஆகிய நாடுகளின் வழியே நடந்து, 640ஆம் ஆண்டை ஒட்டித் தொண்டை நாட்டை அடைந்தார்.

அப்போது காஞ்சியில் ஆட்சி புரிந்தவன் மாமல்லன் எனப்படும் முதலாம் நரசிம்மவர்மன். காஞ்சி நெடுங்காலம் செங்கற்பட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்த நகரம். பாலாறு காஞ்சியின் அருகே ஓடி, செங்கற்பட்டை ஒட்டிச் சென்று, சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே கடலிற் கலக்கின்றது. அதற்குச் சற்று வடக்கே, மன்னன் பெயரையே தாங்கி நிற்கிறது மாமல்லபுரம். காஞ்சி, தென்கடலின் வாயில் என்றும், அங்கிருந்து மூன்று நாளில் கப்பல் இலங்கையை அடையும் என்றும் யுவான் சுவாங்கின் வரலாறு குறிக்கின்றது. காஞ்சியோ கடலை விட்டு விலகி உள்நாட்டில் உள்ளது. ஆகவே அங்குக் குறிக்கப்பட்ட துறை மாமல்லபுரமாகவே இருத்தல் வேண்டும் என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

காஞ்சி மாநகரைப் பற்றி யுவான் சுவாங் எழுதிய குறிப்பு சிறிதாயினும் அருமையானது. நகரின் சுற்றளவு ஐந்தாறு மைல். நிலம் வளமானது, நன்கு உழப்படுவது, பூவும் கனியும் மிகுந்தது. மக்கள் அஞ்சாமை உடையவர், வாய்மை தவறாதவர், பொதுநலம் பேணுபவர், கல்வியைப் பெரிதும் மதிப்பவர். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும், அவற்றிலே பதினாயிரம் துறவியரும் இருந்தனர். ஏறத்தாழ எண்பது தேவர் கோயில்களும் இருந்தன. சமணரும் பலர் வாழ்ந்தனர். பல சமயத்தாரும் ஒரு நகரிலே வாழ்ந்து தத்தம் நூல்களைக் கற்ற காட்சியை இக்குறிப்பு நம் கண்முன் நிறுத்துகின்றது.

இலங்கைக்குக் கப்பலேற வந்தவர்க்கு ஈண்டு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. இலங்கை மன்னன் இறந்துவிட்டான். அந்நாட்டில் பஞ்சமும் குழப்பமும் பரவியிருந்தன. அங்கிருந்து 300 துறவியர் கடல் கடந்து காஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தனர். அவர்களே யுவான் சுவாங்கிற்கு இச்செய்தியை உரைத்தனர். காண விரும்பிய ஆசிரியர்கள் தம்மைத் தேடி எதிரே வந்திருப்பதைக் கண்ட யுவான் சுவாங், யோகாசார நூலில் தமக்கிருந்த ஐயங்களை அவர்களிடம் வினவினார். அவர்கள் தந்த விளக்கம் சீலபத்திரர் தந்த விளக்கத்தினும் மேம்பட்டதாக இல்லை. கடற்செலவை அவர் கைவிட்டார். இலங்கைத் துறவியர் எழுபதின்மருடன் சேர்ந்து வடமேற்கு நோக்கிப் பயணமானார்.

அவ்வழி மேலைச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் நாட்டிற்குச் சென்றது. பல்லவர்க்கும் சாளுக்கியர்க்கும் அன்று கடும் பகை. 642ஆம் ஆண்டில் மாமல்லனின் படை வாதாபி நகரைக் கைப்பற்றியது. இரு படைகளும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்ற காலத்திலே, ஏட்டுச்சுவடி ஏந்திய ஓர் அயல்நாட்டு மாணாக்கர் இரு நாடுகளிலும் உலவினார். இரு நாட்டு மக்களின் நற்பண்புகளையும் நடுநிலை தவறாது எழுதி வைத்தார்.

தீராத கடன்

வடநாட்டிற்கு மீண்ட யுவான் சுவாங்கை ஹர்ஷ மன்னர் கன்னோசி நகரிலே பேரவை கூட்டிச் சிறப்பித்தார். காமரூப மன்னரோ, அவர் பாரத நாட்டிலேயே தங்குவாராயின் நூறு பள்ளிகள் கட்டித் தருவதாகக் கூறினார். தம் நாட்டு மக்கள் மெய்ந்நூல்களை அறியாது காத்திருக்கும்போது தாம் இங்குத் தங்குதல் தகாது என்று யுவான் சுவாங் மறுத்தார். மன்னர்கள் குவித்த பொன்னையும் மணியையும் அவர் ஏற்கவில்லை. மழைக்குக் காப்பாக ஒரு மேலாடையை மட்டும் பெற்றுக் கொண்டார். எனினும் வழிச் செலவிற்காக ஹர்ஷர் யானையும், 3,000 பொற்காசுகளும், 10,000 வெள்ளிக் காசுகளும் பின்னர் அனுப்பி வைத்தார்.

கடல்வழியே செல்ல விரும்பின் அதற்கும் ஏற்பாடு செய்வதாக ஹர்ஷர் கூறினார். கடல்வழி எளிது, பனிமலை வழியோ கொடிது. ஆயினும் யுவான் சுவாங் பனிமலை வழியையே தேர்ந்தார். காவ்சாங் மன்னனுக்கு அளித்த வாக்கே அதற்குக் காரணம். தாம் மூன்றாண்டு தங்கிக் கற்பிப்பதாகச் சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை.

வாக்கை நிறைவேற்ற அவரால் இயலவில்லை. அவர் தென்னாட்டில் உலவிய அதே காலத்தில், 640ஆம் ஆண்டில், சீனப் பேரரசின் படை காவ்சாங் மீது சென்றது. படை நெருங்கும்போதே மன்னன் இறந்தான். அவன் நாடும் பேரரசோடு இணைக்கப்பட்டது. தம்மை உடன்பிறந்தாராகக் கொண்டவன் இன்று இல்லை. கற்பிப்பதாகச் சொன்ன அரசவையும் இல்லை. அவன் தந்த பொன்னும் பட்டும் கற்றறிந்த கல்வியாக மாறி நின்றன. அக்கடனைத் திருப்பிப் பெறுவதற்கு உரியவனே இல்லாது போயினான்.

யுவான் சுவாங் வேறு வழியாகச் சீனத்தை நோக்கிச் சென்றார். முன்னரே, சிந்து ஆற்றைக் கடக்கும்போது படகு அலைப்புண்டு, 50 சுவடிகளும், பாரத நாட்டுப் பூக்களின் விதைகளும் நீரில் வீழ்ந்து போயின. எஞ்சிய சுவடிகளுடன், 645ஆம் ஆண்டில் அவர் சாங்கான் நகரை அடைந்தார். 657 நூல்களை 520 கட்டுகளாகக் கட்டி, 20 குதிரைகள் சுமந்து வந்தன. ஆணையை மீறி ஒளிந்து சென்றவரை வரவேற்க நகரமே திரண்டது. பேரரசன் தாய்சுங் அவரை மன்னித்ததோடு, உயர்ந்த பதவியை ஏற்குமாறும் வேண்டினான். அவர் பதவியை மறுத்து, மொழிபெயர்ப்புப் பணிக்கு உதவி வேண்டினார். அரசன் அறிஞரையும் எழுத்தாளரையும் அளித்தான்.

அடுத்த ஆண்டில் அவருடைய பயண நூல் நிறைவு பெற்றது. வாழ்நாளின் எஞ்சிய பத்தொன்பது ஆண்டுகளில் எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை அவர் 1,335 பகுதிகளாகச் சீன மொழியில் பெயர்த்தார். காஞ்சித் தருமபாலரின் உரையை முதன்மையாகக் கொண்ட நூல் ஒன்றும் 659ஆம் ஆண்டில் அவரால் சீனத்தில் ஆக்கப்பட்டது. நாளந்தாத் துறவியருடன் அவர் மடல் வழித் தொடர்பும் கொண்டிருந்தார். சீலபத்திரர் மறைந்ததை அறிந்து 654ஆம் ஆண்டில் தம் துயரை எழுதி விடுத்தார். சிந்து ஆற்றிலே இழந்த நூல்களின் பட்டியலையும் உடன் அனுப்பி, அவற்றின் படிகளை அனுப்புமாறு வேண்டிக் கொண்டார்.

ஜப்பானிய மாணாக்கர்

653ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டிலிருந்து அரச தூதுக்குழு ஒன்று சீனத்திற்கு வந்தது. ஜப்பானிய அரசு, தன் மாணாக்கர் சிலரையும் அக்குழுவோடு கற்றுவர அனுப்பியிருந்தது. அவர்களுள் ஒருவர் தோசோ என்னும் இளந்துறவி. அவர் யுவான் சுவாங்கிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார். யுவான் சுவாங் அவரிடம் தனி அன்பு காட்டித் தம் அறையிலேயே தங்க வைத்துக் கற்பித்தார்.

அவ்வன்பிற்குக் காரணமாக ஜப்பானியரின் பழைய வரலாற்று நூல் ஒரு கதையைக் கூறுகிறது. யுவான் சுவாங் முன்னொரு நாள் மேற்கு நாட்டு வழியிலே பசியால் வாடினார். இரந்துண்ண அங்கு ஊரும் இல்லை. அப்போது எங்கிருந்தோ தோன்றிய துறவி ஒருவர், தம் கையிலிருந்த பேரிக்காயை அவருக்கு ஈந்தார். அதை உண்டபின் அவருக்கு நடக்கும் வலிமை பிறந்தது. அன்று கனி தந்த அத்துறவியே தோசோவாக மீண்டும் பிறந்து வந்திருப்பதாக யுவான் சுவாங் கருதினாராம். கதை எவ்வாறாயினும் ஆகுக. தம் பசியை ஆற்றிய கை எதுவென்று அறியாதவர், தம்மை நாடி வந்த மாணாக்கரிடத்தில் அக்கையைக் கண்டார் என்பதே இதன் உட்பொருள். காவ்சாங் மன்னனுக்குச் செலுத்த இயலாத கடனை, அவர் கீழ்த்திசை மாணாக்கர்க்குச் செலுத்தினார்.

தோசோ நூல்களோடு நாடு திரும்பி, யுவான் சுவாங்கிடம் கற்ற கல்வியைத் தம் நாட்டில் பரப்பினார். கற்பித்ததோடு அமையாது, ஊர் ஊராகச் சென்று கிணறுகள் தோண்டினார், ஆற்றுத் துறைகளில் ஓடங்கள் அமைத்தார், பாலங்கள் கட்டினார். அவர் 700ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் ஊன்றிய கல்வி மரபு ஜப்பானின் நாரா நகரத்துப் பள்ளிகளில் இன்றும் நிலவுகின்றது. காஞ்சியில் பிறந்த தருமபாலரின் கருத்து, மகதத்துச் சீலபத்திரர் வழியாகவும், சீனத்து யுவான் சுவாங் வழியாகவும், ஜப்பானை அடைந்த வரலாறு இதுவாகும்.

கொடையின் பயன்

யுவான் சுவாங் 664ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார். 1957ஆம் ஆண்டில், அவருடைய உடலெச்சத்தின் ஒரு சிறுபகுதி இந்தியாவிற்கு அளிக்கப்பட்டது. அவர் மாணாக்கராய் வாழ்ந்த நாளந்தாவிலே அவருக்கு நினைவு மண்டபமும் எழுப்பப்பட்டுள்ளது.

கல்விக்குக் கொடை அளித்தல் தமிழ்நாட்டிலும் தொன்றுதொட்டு நிலவிய வழக்கமாகும். நாலாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு மயூரசர்மன் என்பவன் தன் ஆசிரியருடன் காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறும். செங்கற்பட்டிற்கும் காஞ்சிக்கும் இடையே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கிருந்த கல்லூரியின் மாணாக்கர்க்கு உணவும், தலைமுழுக எண்ணெயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும் கோயில் வருவாயிலிருந்து அளிக்கப்பட்டதை அது விரித்துரைக்கின்றது. நோயுற்றோர்க்குப் பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவ சாலையும் அங்கு இருந்தது. நம் முன்னோர் மாணாக்கரின் விளக்குக்கு வேண்டிய எண்ணெயையும் மறவாது கணக்கிட்டனர்!

நிலத்தைக் கொடுத்தோர், நெல்லைக் கொடுத்தோர், பொன்னைக் கொடுத்தோர், ஒரு கனியைக் கொடுத்தோர் ஆகிய அனைவரும் யுவான் சுவாங்கிற்கு ஈந்தவரே. அவர்களுள் பெரும்பாலோர் தம் கொடையின் பயனைக் காணாமலே மறைந்தனர். கல்விக் கொடையைப் பெற்றவர் அதனை ஈந்தவர்க்கே திருப்பித் தருதல் எப்போதும் இயலாது. தமக்குப் பின் கற்க வருவோர்க்குக் கற்பித்தும் உதவியும் அக்கடனைத் தீர்த்தலே அவர்க்குரிய வழியாகும். யுவான் சுவாங்கின் வாழ்க்கை உணர்த்தும் உண்மை இதுவே. பிறர் உதவியால் கற்கும் மாணாக்கர் ஒவ்வொருவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.